உன் மாமா ஏன் உன் பக்கத்தில் நடக்கமாட்டார்

தம்பி,

போன ஞாயிறு நீ கட்டாரில் இருந்து போன் எடுத்தபோது, கலியாணப் பேச்சின் நடுவில் சொன்னாய்: "கோயிலுக்கு நடந்து போகேக்க ஒரு பக்கம் அப்பா, மற்றப் பக்கம் ஜூட் மாமா நிக்கோணும். நீங்கள் போய் அவரோட கதையுங்கோ அம்மா. உங்கட கோவத்தை என்ர கலியாணத்துக்காவது விடுங்கோ." அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. உனக்குப் பின்னால் உன் அறைப் பொடியன்கள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது. அதனால்தான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாசி. பசியோடு வாசிக்காதே. உனக்குப் பசி வந்தால் எல்லாவற்றுக்கும் கோபம் வரும், அதை நான் உன் தொட்டில் காலத்திலிருந்து அறிவேன்.

இதை எழுதலாமா என்று ரெஜினா மாமியிடம் முதலில் கேட்டேன். இது அவளுடைய கதை, அவள் வேண்டாம் என்றிருந்தால் என் பேனா நகர்ந்திராது. அவள் யூனிபோர்ம் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "எழுதுங்க அண்ணி. உங்க தம்பியோட எனக்குக் கல்யாணம் நடந்தன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுக்கிறதுல நின்னப்போ, எனக்குத் தாகமா இருக்கும்னு நெனச்சு சோடா ஒடச்சுக் கொண்டாந்தவன் உங்க மகன் ஒருத்தன்தான். அவனுக்குத் தெரியட்டும்" என்றாள். அந்தச் சோடா உனக்கு நினைவிருக்காது. அவள் மறக்கவில்லை.

உனக்கு இதுவரை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறோம். "அவையளுக்குள்ள சரிவரேல்லை" என்று நான் சொன்னேன். நீ லீவில் வந்தபோது தலைமன்னாருக்குப் போய் மாமாவைப் பார்த்தாய். "அக்காதான் என்ர குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டா" என்று அவன் சொன்னான். திரும்பி வந்து இரண்டு நாள் நீ என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். நீ அவனுடைய தோளில் வளர்ந்த பிள்ளை. பழைய கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் உன்னைக் கடலில் இறக்கி, வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து நீந்தப் பழக்கியவன் அவன். உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது பஸ் ஓடாத நாளில் சைக்கிளில் வைத்து மன்னார்ப் பெரியாஸ்பத்திரிவரை மிதித்தவனும் அவன்தான். நல்லவனாக இருந்த நேரங்களில் அவன் மெய்யாகவே நல்லவனாக இருந்தான். அதை நான் உன்னிடமிருந்து பறிக்க வரவில்லை. அந்தக் கையேதான் இன்னொன்றையும் செய்தது என்று சொல்லத்தான் வருகிறேன்.

ரெஜினா யார் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவள் இந்தக் கரையில் எவ்வளவு தனியாக நின்றாள் என்று நாங்கள் யாருமே யோசித்ததில்லை. சண்டைக் காலத்தில் கைக்குழந்தையாக வள்ளத்தில் போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே படித்து, பெரிய பிள்ளையான பிறகு ஒரு சித்தியோடு திரும்பி வந்தவள். அந்தச் சித்தியும் கண்மூடிவிட்டார். தாயும் தகப்பனும் இன்னும் முகாமில்தான். அவளுடைய பேச்சு அக்கரைப் பேச்சு. நாங்கள் "ஓம்" என்றால் அவள் "ஆமா" என்பாள். என்னை மச்சாள் என்று கூப்பிடவேண்டிய இடத்தில் "அண்ணி" என்பாள். நாங்களெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஜூட் மட்டும் சிரிக்காமல், "இந்தியாக்காரி, ஒழுங்காக் கதைக்கப் பழகு" என்பான். பகிடிதான் என்று நினைத்தோம்.

பிறகு கொரோனா வந்தது. தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. நீ அங்கே ஒரு அறைக்குள் பூட்டிக் கிடந்தாய், இங்கே ஊரடங்கு. ரயில் நின்றது, பஸ் நின்றது, கோயில் கதவுகூடப் பூட்டியிருந்தது. கடலுக்குப் போனாலும் மீன் வாங்க ஆளில்லை. எங்கள் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் எவ்வளவு தூரம்? ஒரு பாட்டுக் கசெற் முடிய முன்னம் போய்விடலாம் என்று உன் அப்பா சொல்வார். அந்த நாட்களில் அது இராமேஸ்வரத்தைவிடத் தூரமாக இருந்தது. சாராயத் தவறணையும் பூட்டியிருந்தது. அது நல்லது, ஜூட் குடிக்காமல் இருப்பான், வீட்டில் சந்தோஷம் இருக்கும் என்று நான் வாய்விட்டே சொன்னேன். குடியால்தான் ஆம்பிளை கை நீட்டுகிறான் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புவதுபோலத்தான் நானும் நம்பியிருந்தேன். அந்த ஊரடங்கில் ஒரு சொட்டு இல்லாமல், தெளிந்த தலையோடு அவன் செய்ததை அறிந்த பிறகு, குடியைக் காட்டி யாரும் என்னிடம் நியாயம் சொல்ல வருவதில்லை.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்பாய். ரெஜினா எனக்கு அடிக்கடி எடுப்பவள். வயிற்றில் இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். முதல் பிள்ளை மெலனி அப்போது பாலர் பாடசாலை வயது. ஊரடங்கு வந்த பிறகு அவள் எடுப்பது நின்றது. நான் எடுத்தால் ஜூட் தூக்கி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவளைக் கூப்பிடுவான். "எப்பிடி இருக்கிறாய்?" என்றால், "ஓம் மச்சாள், நல்லா இருக்கிறன்" என்றாள். "சாப்பிட்டியே?" "ஓம் மச்சாள், சாப்பிட்டனான்." முதல் நாள் நான் அப்பாவிடம், பாருங்கோ, பொடிச்சி எங்கட பேச்சைப் பிடிச்சிட்டாள் என்று சொல்லிச் சிரித்தேன். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலியாணமாகி இத்தனை வருஷமாக வராத பேச்சு, அதுவும் ஒரு எழுத்துப் பிசகாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைபோல. பிழைத்தால் அடி விழும் என்ற பிள்ளைதான் அப்படி ஒப்பிக்கும். நான் இருபது வருஷம் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள், அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

அப்போது எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த மிட்வைஃப் மிஸ்ஸை நீ கண்டதில்லை. சிவப்பு ஸ்கூட்டி, எப்போதும் அவசரம், ஆனால் யாரோடு கதைத்தாலும் அவசரமில்லாதது போல நிற்பார். தலைமன்னார்ப் பக்கம் அவருடைய பகுதி. கர்ப்பிணிகளைப் பார்க்க அவருக்குப் பாஸ் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மூக்கையும் வாயையும் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, எனக்குள் இருந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. என் தம்பியைப் பற்றி அல்லவா சொல்கிறேன். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவர் போய், "வயித்தைப் பாக்கோணும், ஆம்பிளையள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்று ஜூட்டை முற்றத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். உள்ளே அவர் கண்டதை எனக்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சமாகச் சொன்னார். சட்டைக்குள் மறையும் இடங்களாகப் பார்த்துத்தான் அடித்திருந்தான். ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் அடித்தான் என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். கண் தெரிந்துதான் அடித்திருக்கிறான். "உங்கட மச்சாள்தான் என்னை அனுப்பினவ" என்று மிஸ் மெதுவாகச் சொன்னதும் ரெஜினா, "அண்ணி அவரோட அக்கா மிஸ்" என்றாளாம்.

அந்த ஒரு வரி என்னை அடித்த அடி வேறெதுவும் அடிக்கவில்லை. நான் அவளுக்கு நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெருநாளுக்குச் சீலை எடுத்துக் கொடுத்தேன், முதல் பிள்ளைப்பேற்றுக்குச் சரக்கரைத்துக் கொடுத்தேன். ஆனால் ஒரு நாள் வந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று அவளுக்கு எந்த நிச்சயமும் இருக்கவில்லை. நான் சொல்லாமலே அவள் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவளுக்கு என்ன விதி? மிஸ் அடுத்த தரம் போகும்போது நான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "அவளுக்கு என்ன வேணுமெண்டு கேளுங்கோ. நான் அதைச் செய்வன்."

மிஸ் வந்து விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு உன் அப்பாவை நீ பார்த்திருக்கவேண்டும். மீன் ஏற்றுகிற கூலர் வாகனத்துக்குப் பாஸ் இருந்தது. வாகனத் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். "நான் இப்பவே போறன். அவன்ர கையை முறிச்சுப்போட்டுத்தான் வருவன்" என்று நின்றார். நானும் தடுக்கும் மனநிலையில் இல்லை. ஆனால் ரெஜினா மிஸ்ஸிடம் முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்கு உன் அப்பாவைத் தெரியும். "அண்ணன வர வேணாம்னு சொல்லுங்க. வந்து அடிச்சிட்டுப் போயிருவாங்க. அவங்க போனப்புறம் கதவச் சாத்திட்டு நான்தான் உள்ள இருக்கணும்." மிஸ் அதை அப்படியே சொன்னார். அப்பா திறப்பை மேசையில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே நின்றார். கோபப்படுவது லேசு மகனே. அந்தக் கோபம் யாருடைய உடம்பில் போய் விடியும் என்று யோசிப்பதுதான் பாடு.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தினமும் தன் குரலை யாராவது கேட்கவேண்டும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜூட்டுக்கு எடுத்து, "தம்பி, கோயிலும் பூட்டிக் கிடக்கு, தவக்காலமும். பின்னேரம் பின்னேரம் எல்லாரும் போனிலயே செபமாலை சொல்லுவம்" என்றேன். அவனுக்கு அது பிடித்துக்கொண்டது. செபமாலை முடியப் பாட்டும் உண்டு, பாட்டுப் படிப்பது என்றால் அவனுக்கு உயிர் அல்லவா? பத்துப் பத்து மணியாக ஒருவர் மாறி ஒருவர் சொல்வோம்: ஒரு காரணிக்கம் அப்பா, ஒன்று நான், ஒன்று ஜூட், ஒன்று ரெஜினா. ஸ்பீக்கரில் அவளுடைய "அருள் நிறைந்த மரியே" வரும்வரை எனக்கு மற்ற எந்தச் செபமும் காதில் விழாது. குரல் தெளிவாக வந்தால் அன்றைக்குச் சாப்பிடுவேன். அடைத்து வந்தால் மிஸ்ஸின் வாசலில் போய் நிற்பேன். அவள் வெளியே வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கே வருவாள்? அப்பா அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். வயிற்றில் பிள்ளை. வெளியே ஊரடங்கு. பொலிசுக்குப் போனால் அவனிடமே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். உள்ளே இருக்கிறவளுக்குத்தான் எந்தக் கதவு எந்த நேரம் திறக்கும் என்று தெரியும். எங்களுடைய வேலை கதவுக்கு வெளியே ஆயத்தமாக நிற்பது.

பெரிய வெள்ளிக்கு முன்னம் ஒரு நாள் பின்னேரம், அவளுடைய காரணிக்கம் வந்தபோது குரல் வரவில்லை. ஜூட் தானே சொல்லத் தொடங்கினான். "ரெஜினா எங்க?" என்றேன். "அவளுக்குத் தலையிடி, படுத்திட்டாள். நீங்கள் சொல்லுங்கோ அக்கா" என்றான். எப்படிச் செபமாலையை முடித்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். முடித்த கையோடு மிஸ்ஸிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "தலையிடி எண்டு அவரே சொன்னவரோ? அவற்ற வாயாலயோ? அப்ப சரி" என்று சொல்லிக்கொண்டே ஜூட்டுக்கு எடுத்தார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மிஸ்ஸஸ்ஸுக்குத் தலையிடியாமே?"

"சும்மா தலையிடி மிஸ். தைலம் பூசினாச் சரி."

"ஏழு மாதக் கர்ப்பிணிக்குத் தலையிடி எண்டால் சும்மா விடேலாது. பிரஷர் கூடினால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. அம்புலன்ஸ் அனுப்புறன்."

"ஐயோ வேண்டாம் மிஸ், ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா எல்லே தொத்தும்."

"அதை நாங்கள் பாப்பம். தெரிஞ்சுகொண்டு மறிச்சிட்டு, பிறகு ஏதும் நடந்தால் உங்களைத்தான் கேப்பினம். யோசியுங்கோ."

அவன் சொன்ன பொய்தான் அவளுக்கு வாசலைத் திறந்தது. பொழுது சாய்வதற்குள் அம்புலன்ஸ் போய்விட்டது. அதற்குப் பின்னாலேயே அப்பாவின் கூலரில் நாங்கள் இரண்டு பேரும். சாவடியில் நேவிக்காரப் பொடியன் என்னைக் கண்டு, மீன் ஏற்றப் போகிறவனுக்கு மனைவி எதற்கு என்று மறித்தான். அப்பா தெரிந்த சிங்களத்தில் "நங்கிட்ட சனீப நே" என்றார். தங்கைக்குச் சுகமில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பொடியன் ஒன்றும் கேட்காமல் தடியைத் தூக்கினான்.

நாங்கள் போய் இறங்கும்போது ரெஜினாவை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தில் மாஸ்க். அந்த நாட்களில் ஊரே மாஸ்க் போட்டிருந்தது, யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. அவளுக்கோ அது உதட்டில் வெடித்திருந்த காயத்தை மறைத்தது. வாயைத் திறக்க ஏலாமல்தான் செபம் வரவில்லை. அம்புலன்ஸ் படியில் காலை வைத்தவள் திரும்பி நின்றுகொண்டாள். மெலனி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். பிள்ளையை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏறாமல் நின்றாள், அவ்வளவுதான்.

நான் ஜூட்டிடம், "பிள்ளையை நான் கொண்டு போறன். நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையப் போறாய்" என்றேன். "இல்லை அக்கா, அவள் இஞ்ச நிக்கட்டும்" என்று கதவை மறித்தான். அவன் கண் ரெஜினாவின் மேலேயே இருந்தது. அம்புலன்ஸ் சத்தத்துக்குச் சனம் வேலிகளில் வந்து நின்றது. நான் குரலை உயர்த்தினேன், எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே: "உனக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது, நீ பிள்ளைக்குச் சமைச்சுக் குடுப்பியே? தலை சீவி இழுத்து விடுவியே? மெலனி, எங்கட நாய் குட்டி போட்டிருக்கு, பாக்க வாறியே?" பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். சனத்துக்கு முன்னால் அவன் எப்போதும் நல்ல பிள்ளை. அவனும் சிரித்தான். "சரி சரி, கொண்டு போங்கோ" என்று ஒதுங்கினான். அந்த நேரம் உன் அப்பா செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஜூட்டின் தோளில் கையைப் போட்டு வள்ளத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார். "எஞ்சின் ஸ்டார்ட் பிடிக்குதில்லையெண்டாய், பிளக்கைக் கழட்டிப் பாத்தனியே?" என்று கேட்டுக் கதைக்கத் தொடங்கினார். கையை முறிக்கவேண்டும் என்று துடித்த மனிதர், அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே பிளக்கைப் பற்றியும் எண்ணெய்யைப் பற்றியும் கதைத்துக்கொண்டு நின்றார். நான் பிள்ளையைக் கூலருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. உனக்குக் கலியாணமான பிறகு ஆம்பிளைத்தனம் என்றால் என்ன என்று உனக்கு யாராவது பாடம் எடுக்க வந்தால், உன் அப்பா அந்த வள்ளத்தடியில் நின்றதை நினைத்துக்கொள்.

ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை, கொரோனாச் சட்டம். மெலனியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் கூலருக்குள் இருந்தோம். ஒரு தாதி தன்னுடைய போனில் எடுத்துக் கொடுத்தார். "அண்ணி, டாக்டர் கேட்டாங்க. சொல்லிட்டேன்" என்றது அவள் குரல், உதடு வீங்கிய குரல். "எல்லாத்தையுமோ?" "ஆமா அண்ணி. எல்லாத்தையும்." அந்த "ஆமா" காதில் விழுந்ததும் நான் வாய்விட்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று தெரியாமல் மெலனி என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பிறகு பொலிஸ், வாக்குமூலம், நீதவானின் கட்டளை. ஜூட் அவளுக்குக் கிட்ட வரக்கூடாது என்றார்கள். நான் சாட்சி சொன்னேன். ஓம், என் தம்பிக்கு எதிராகத்தான். உறவெல்லாம் போனில் என்னைப் பிய்த்துத் தின்றது. "கூடப் பிறந்தவனைப் பொலிசில குடுக்கிற அக்காவை இப்பதான் பாக்கிறம்" என்றார்கள். ஜூட்டும் எடுத்தான். "நீங்கள் என்ர அக்காவோ, இல்லை அவளுக்கு அக்காவோ?" என்று கேட்டான். "உன்ர அக்காதான் ஜூட். சாப்பாடில்லையெண்டால் சொல்லு, கொண்டு வந்து தாறன். ஆனால் அவள் அங்க வரமாட்டாள்" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

உன்னுடைய அறையைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். உன் கிரிக்கெட் படங்களைக் கழற்றவா என்று கேட்டேன், "இருக்கட்டும் அண்ணி" என்றாள். கன நாளாக அவள் பையிலிருந்து உடுப்பை எடுத்து அலுமாரியில் வைக்கவில்லை. வாசல் படலைச் சத்தம் கேட்டால் தட்டை வைத்துவிட்டு எழும்பிவிடுவாள். தப்பி வந்தவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அவனுக்காக அழுதாள், தம்பி. அவன் யாரோ ஒருவர் மூலம் அழுது செய்தி அனுப்ப, ஒரு நாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "பாவமா இருக்கு அண்ணி. போயிரலாமான்னு இருக்கு." இவ்வளவும் எதற்காகச் செய்தோம் என்று கத்த வாய் வந்தது. கத்தினால் நானும் அவளுக்கு இன்னொரு ஜூட் ஆகிவிடுவேன். "உன்ர விருப்பம். போறதெண்டால் போ. திரும்பி எப்ப வந்தாலும் இந்த அறை இருக்கும், ஏனெண்டு கேக்கமாட்டன்" என்றேன். அவள் மெலனியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தேடிப் பார்த்தால், உன் கட்டிலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்தாள் பிள்ளை. ரெஜினா தரையில் படுத்து, கையை நீட்டி, "வா தங்கம், நம்ம எங்கயும் போகல" என்றாள். அன்றைக்குத்தான் உடுப்பு அலுமாரிக்குள் போனது.

சின்னவன் பிறந்தான். ஊரடங்கு விட்டது, திரும்ப வந்தது, திரும்ப விட்டது. ரெஜினா என்னுடைய பழைய மெசினில் தைக்கப் பழகினாள். இப்போது கோயிலுக்குப் பின்னால் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்து இருக்கிறாள். பள்ளிக்கூட யூனிபோர்ம் எல்லாம் அவளிடம்தான் வருகிறது. மெலனி பாடகர் குழுவில். சின்னவன் உன்னைப்போலவே பசி வந்தால் குதிப்பான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். யாராவது திடீரென்று கையை ஓங்கிக் கதைத்தால், பகிடிக்கென்றாலும், அவள் தோள் இன்னும் ஒடுங்குகிறது. ஆனால் சிரிக்கிறாள். சத்தமாகச் சிரிக்கிறாள்.

முருங்கனிலிருந்து உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளையைப் பற்றி யோசிக்கிறேன். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் கடல் காற்றும் மீன் வாசமும் அவளுக்குப் புதிது. அவளுடைய தாய் எடுத்தால் கதைக்க விடு, என்ன கதைத்தாய் என்று கேட்காதே. அவளுக்கென்று சிநேகிதம் இருக்கட்டும், நீ அறியாத சிரிப்புகள் இருக்கட்டும். உனக்குக் கோபம் வரும், அவளுக்கும் வரும். அந்த நேரம் அவளுடைய கண் உன் கையைப் பார்க்கிறதா என்று கவனி. ஒரு தரம் பார்த்தாலும் அன்றைக்கே எனக்கு எடு. உன்னை வெறுக்கமாட்டேன். ஆனால் அவளுக்கு இங்கே ஒரு அறை இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவளுக்கும் காட்டு. நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதை அவள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கலியாணத்துக்கு ரெஜினாவும் பிள்ளைகளும் வருவார்கள், கோயிலில் முன் வாங்கில் எங்களோடு இருப்பார்கள். அதனால் மாமா வர முடியாது. இதை வேறு யாரும் அவனுக்குச் சொல்லக்கூடாது என்று இன்றைக்கு நானே தலைமன்னாருக்குப் போனேன். கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான். கொண்டுபோன மீன் குழம்பை வாங்கி உள்ளே வைத்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மருமோன் என்னைக் கேட்டவனோ?" என்றான்.

"கேட்டவன். பக்கத்தில நீ நடக்கோணும் எண்டவன்."

அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நான் அவளுக்குச் செய்ததை அவனுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?" என்றான்.

"இல்லை. இனித்தான் சொல்லப்போறன்."

இத்தனை வருஷத்தில் "நான் செய்தது" என்று அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தரம். அவளே விழுந்தாள், அவளே கூட்டிச் சொன்னாள், அக்காதான் கெடுத்தாள், இவ்வளவுதான் அதுவரை. நான் எழும்பி வெளிக்கிட்டேன். பாதைவரை வந்தவன், என் முகத்தைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ அக்கா."

வரும்போது பஸ் முழுக்க அழுதுகொண்டு வந்தேன். வந்தவுடன் கைகால் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன், மகனே. நான் குறைக்கவில்லை.

உன்னை நினைத்தபடி,
அம்மா